திருவிழாவுக்கு மறுநாள் எண்ணிய வீடுகள்

எந்த ஊரில் எத்தனை குடும்பம் வாழ்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. அதை வைத்துத்தான் எங்கள் நிறுவனம் புது மினி மார்க்கெட்டைத் திறக்கும். ஆள் இருந்தால் கடை வரும். கடை வந்தால் வேலை வரும். வேலை இருந்தால் ஆள் தங்கும். ஆயர் குரோ டவுன் அப்படித்தான் வீங்கியது. சுங்கை ரம்பாய்ப் பக்கம் நான் பிறந்த, எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் தோட்டம் தேய்ந்துபோனது. தேய வைத்தவர் மணியம்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு தோட்டத்துப் பெண்கள் எங்களை ஆயர் குரோ தொழிற்சாலைக்கு ஏற்றிப்போன பஸ் அவருடையது. "இந்தக் கொஞ்ச ஆளுக்காக இவ்ளோ தூரம் வந்தா கட்டுப்படியாவாது லா" என்று திடீரென நிறுத்தினார். அப்பா அவர் வீட்டு வாசலில் நின்று கெஞ்சினார். மனிதர் சாப்பாட்டு மேசையிலிருந்து எழவே இல்லை. "வேலை வேணும்னா டவுனுக்குப் போவச் சொல்லுங்க" என்றார்.

போனோம். டவுனில் பாச்சாங் பகுதியில் ஒரே அறையில் ஆறு பெண்கள். எங்கள் பின்னால் குடும்பங்களும் வந்தன. தோட்டத்து மளிகைக்கடை மூடியது. விலை விழுந்த சாலையோர நிலத்தை மணியமே வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து அவர் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

இப்போது அந்த நிலத்தில்தான் எங்கள் கடை வரவேண்டுமாம். முந்நூறு குடும்பமாவது இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. மணியம் கெட்டிக்காரர். மாரியம்மன் திருவிழாவன்று என்னையும் என் மேலாளரையும் அழைத்தார். பெரிய சாலைவரை கார்கள் நின்றன.

"பாரும்மா திலகா, எவ்ளோ ஜனம்! எல்லார் ஐசியிலயும் அட்ரஸ் இங்கதான். நீ நம்ம புள்ள, நல்லா எழுது."

அது பொய்யில்லை. அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி இருந்தால்தான் திருவிழா உபயத்தில் பங்கு. அதற்காகவே ஊரை விட்டுப் போன எவரும் முகவரியை மாற்றுவதில்லை. நானும்தான்.

மேலாளர் கூட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டார். நான் மறுநாள் தனியாகப் போனேன். வீட்டுக்கு வீடு பூட்டு. ஆள் இருந்தது பத்தொன்பது குடும்பம்தான். ஐசி கணக்கை எழுதியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்தொன்பது என்றே எழுதினேன். நேர்மைக்காக அல்ல, பழிக்காக.

கடை இல்லை என்று முடிவானதும் மணியம் போன் செய்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட?"

"பஸ்ஸை நிப்பாட்டினீங்களே, ஞாபகம் இருக்கா மாமா?"

"எந்த பஸ்?"

நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் குஞ்சம்மா அழைத்தாள். என்னோடு அதே பஸ்ஸில் வந்தவள். புருஷன் போன பிறகும் தோட்டத்தை விடாமல் செம்பனைப் பழம் பொறுக்கிப் பிழைப்பவள்.

"கடை வந்தா கேஷியர் வேலைக்குப் போலாம்னு இருந்தேன்டி. வரலையாம். யாரோ ஆளே இல்லன்னு எழுதிட்டாங்களாம். பாச்சாங்ல ரூம் ஏதாச்சும் காலியா இருக்கா?"

அந்த யாரோ நான்தான் என்று சொல்லாமலே ஓர் அறை பார்த்து வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் இரண்டு பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளோடு என் காரில் ஏற்றி வந்தேன். வழியெல்லாம் குஞ்சம்மா எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள்.