கடிக்க மாட்டாங்க

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலை தேடுகிறவர்களுக்குக் கணினியும் அலுவலக நடைமுறையும் கற்றுத் தருகிற டீச்சருக்கு அது கூடாது என்று எங்கள் மைய மேலாளர் வாரம் தவறாமல் சொல்வார். அதைக் கேட்டாலும் கோபம்தான் வரும்.

என் வகுப்பில் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் பட்டனக்கா. துணி ஆலையில் பதினாறு வருஷம் சட்டைக்குப் பட்டன் தைத்தவர். ஆலையை மூடியதும் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டார். அண்ணி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் இவர் குளிக்கப் போனால் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுவார். வேலை கிடைத்த அன்றே வீடு பார்க்க வேண்டும், அக்காவுக்கு அது ஒன்றுதான் லட்சியம்.

அக்கா அட்டவணை போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நேர்காணல் என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. இரண்டு இடத்தில் பேசாமலே எழுந்து வந்தவர். மூன்றாவது, ஒரு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்கித் தரும் வேலை. நேர்காணல் வீடியோவில். எங்கள் மையத்துச் சின்ன அறையில் அவரை உட்கார வைத்தேன்.

கதவு வெறும் பலகை, உள்ளே பேசுவது அப்படியே கேட்கும். நடுவில் ஒரு கண்ணாடிச் சதுரம். வகுப்பே அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. விரட்ட வேண்டியவள் நான். முதல் ஆளாக நின்றவளும் நான்தான்.

"மூணு டாக்டர், பத்து நோயாளி. யாருக்கு எப்போன்னு ஒரு அட்டவணை போடுங்க. ஸ்கிரீனை ஷேர் பண்ணிட்டே செய்யுங்க" என்றார் திரையில் இருந்த அதிகாரி அம்மாள். சிரிப்பு அவர் முகத்துக்கு விருந்தாளியாகக்கூட வந்ததில்லை போல.

அக்காவின் முதுகு வளைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா போனில் பார்க்கட்டும் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தட்டினேன்: 'நிமிருங்க அக்கா. அந்தம்மா மூஞ்சியே அப்படித்தான். கடிக்க மாட்டாங்க.'

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்தக் குழு அக்காவின் கணினியிலும் திறந்திருக்கிறது. ஷேர் பண்ணும் முன் நோட்டிஃபிகேஷனை நிறுத்த வேண்டும் என்பதை நான் யாருக்கும் சொல்லியே தரவில்லை. திரை ஓரத்தில் என் செய்தி பளிச்சென்று வந்து நின்றது. பேர் போடாமல் 'டீச்சர்' என்று.

எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு குடும்பத்தின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டாயே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"கடிக்க மாட்டேன்னு யாரு சொன்னது?" என்றார் அந்த அம்மாள்.

அக்கா எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. செய்தியை மூடினார், நோட்டிஃபிகேஷனைத் தேடி நிறுத்தினார். "மன்னிச்சிடுங்க மேடம். இதை நிறுத்தாம ஷேர் பண்ணது என் தப்பு. நோயாளி விவரத்தை யார்கிட்டயாவது காட்டும்போது இப்படி வேற ஏதாவது வந்து நின்னிருந்தா விபரீதம். இனிமே நிறுத்திட்டுத்தான் காட்டுவேன். அட்டவணையை முடிச்சிடட்டுங்களா?"

தப்பு என்னுடையது. ஒரு சொல்லில் என் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை.

பத்து நோயாளிகளும் பத்து நிமிஷத்தில் வரிசையில் நின்றார்கள். கையில் குழந்தையோடு வருபவரை அக்கா முதலில் போட்டிருந்தார், யாரும் கேட்காமலே.

"தப்பு நடந்தா என்ன பண்ணுவீங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்பேன்" என்றார் அதிகாரி. "மனப்பாடமா ஒப்பிப்பாங்க. உங்ககிட்ட கேட்க வேண்டியதில்ல. திங்கட்கிழமை வந்துடுங்க." பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தி, "உங்க டீச்சரை மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

கதவைத் திறந்து வந்த அக்காவை வகுப்பே மொய்த்தது. நான் ஒதுங்கி நின்றேன். "என் தப்புக்கா" என்றேன்.

"ஆமா, உங்க தப்புதான்" என்றார் அக்கா. "ஓடுறவ காலுக்கு நடுவுல கட்டையை விடுவாங்களா டீச்சர்?" சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். வலித்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அப்புறம் போனை எடுத்து மகளை அழைத்தார்.

"சாயங்காலம் நேரா கடைத்தெருவுக்கு வந்துடு கண்ணு. வீடு பார்க்கப் போறோம். தண்ணி நல்லா வருதான்னு நீயே குழாயைத் திறந்து பாரு."