முறை வண்டியின் மீட்டர் லைட்

"வண்டிய ஒப்படைக்க நல்ல நேரம் சாயங்காலம் ஆறுக்கு மேலதாண்ணே" என்று கார்த்திகேயன் போனில் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பஞ்சாங்கத்தைக் கையால் தொடாத ஆள் அவன். என் சித்தப்பா மகன். சென்னையில் ஓட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்கிறான்.

திருமயம் பக்கத்து ஊரில் எங்கள் பங்காளிகள் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு வீடும் ஒரு பழைய அம்பாசடரும் உண்டு. வீட்டுப் பாத்திரங்களைப் போலவே வண்டியும் வருஷ முறைதான். முன்னோருக்குப் படைப்புப் போடக் கூடும் நாளில் ஒருவர் ஒப்படைப்பார். அடுத்தவர் ஜாக்கி, ஸ்டெப்னி, ஹார்ன் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்வார். போன வருஷம் நான் கார்த்திகேயனிடம் வாங்கியது உச்சி வெயிலில். உச்சி வெயிலில் எந்த மடையன் மீட்டர் லைட்டைப் போட்டுப் பார்ப்பான்?

அன்றைக்கே அவன் ஒரு பேச்சையும் எடுத்தான். "இனிமே ஒப்படைக்கிறப்ப ஒரு குறை இருந்தாலும் வண்டிய சென்னைக்கு அனுப்பிருவோம். என் சிநேகிதன் ஓட்டல்ல, உள்ள நுழைஞ்சதும் சுத்திக் கயிறு கட்டிக் காட்சிக்கு நிறுத்திரலாம். கௌரவமா இருக்கும்." சாப்பிட்ட மயக்கத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். திருவரங்குளத்துக்கும் கீரமங்கலத்துக்கும் இன்றைக்கும் முனகாமல் போய்வருகிற வண்டி அது. கால் நல்லாயிருக்கிற மனுஷனை நாற்காலியில் கட்டிவைத்து, வருகிறவன் போகிறவனெல்லாம் செல்பி எடுப்பானாம். இதற்குப் பெயர் கௌரவமாம்!

இந்த வருஷம் நான் அப்பாவின் அண்ணன், பெரியப்பச்சி அண்ணாமலையிடம் ஒப்படைக்க வேண்டிய முறை. படைப்பன்று காலையில் என் மனைவி விசாலிதான் கேட்டாள். "சாயங்காலம் வாங்குறாகன்னா வெளக்கையெல்லாம் போட்டுப் பாத்தீகளா?"

இருட்டில் நான் வண்டி எடுப்பதில்லை. ஷெட் கதவைச் சாத்திவிட்டு ஸ்விட்சைத் திருப்பினேன். முன்விளக்கு எரிந்தது. பின்விளக்கு எரிந்தது. மீட்டர் மட்டும் கரியாக இருந்தது. அப்போதுதான் அந்த 'ஆறுக்கு மேல' எனக்குப் புரிந்தது. தெரிந்தேதான் செய்திருக்கிறான்!

புதுக்கோட்டையிலிருந்து மெக்கானிக் ரத்தினவேலை வரவழைத்தேன். பல்பை மாற்றினான். பியூஸை மாற்றினான். ஸ்விட்சைக் கழற்றி ஊதினான். பிறகு மீட்டரையே வெளியே இழுத்து வயரில் தொங்கவிட்டான். உடனே எரிந்தது.

"முடிஞ்சுதுண்ணே!" என்று உள்ளே வைத்து முடுக்கினான். அணைந்தது. மறுபடி இழுத்தான்; எரிந்தது. வைத்தான், அணைந்தது.

"செட்டியாரண்ணே, இது வண்டியோட ராசி. மொத்தமாத் தூக்கிப் போட்டுட்டு டிஜிட்டல் மீட்டரு மாட்டிருவோம். கலர் கலரா மின்னும்."

"என் மண்டையிலயும் ரெண்டு மாட்டிவிடு, மின்னட்டும். ராசியாம்ல ராசி!"

வாதாடிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. பங்காளிகள் வந்துவிட்டார்கள். முன்னால் கைத்தடியோடு பெரியப்பச்சி, பின்னால் பட்டு வேட்டியில் கார்த்திகேயன். ஜாக்கியைப் பார்க்கவில்லை, ஸ்டெப்னியைப் பார்க்கவில்லை. நேராக வந்து, "மீட்டர் லைட்டப் போடுங்கண்ணே" என்றான்.

"அது எரியாதுன்னு ஒனக்கு யாருடா சொன்னா?"

"நான் எரியாதுன்னு சொல்லவே இல்லையே" என்று சிரித்தான்.

போட்டேன். இருட்டு.

"பாத்தீங்களா பெரியப்பச்சி? பேசுனபடி வண்டி சென்னைக்கு. வருத்தப்படாதீங்கண்ணே, அங்க ஏசியில நிக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சந்தையில் துணியை விரித்துக் காட்டினால் ஜவுளி வியாபாரிகள் நாங்கள் மேல்பக்கத்தைப் பார்ப்பதில்லை, மடித்த பக்கத்தைத்தான் பார்ப்போம். வெளியே தொங்கும்போது எரிகிறது, உள்ளே வைத்தால் அணைகிறது என்றால் மீட்டரில் குறையில்லை. அது உட்காருகிற இடத்தில்தான் குறை.

"ரத்தினவேலு, இன்னொரு தடவ இழு. தொங்குறப்ப அது எதுல இடிச்சுக்கிட்டுக் கெடக்குன்னு பாரு."

"ஸ்டியரிங் கம்பியிலண்ணே. வெறும் இரும்பு."

"உள்ள வைக்கிறப்ப எதுல உக்காருது?"

அவன் டார்ச் அடித்தான். டேஷ்போர்டு ஓட்டையின் உள்விளிம்பெல்லாம் தோசை மாவு கணக்காகத் தடிமனான பச்சைப் பெயிண்ட். விளக்குக்குக் கரண்ட் வருவது வயரில். திரும்பிப் போக வண்டியின் இரும்புதான் வழி. அந்த வழியை அடைத்து யாரோ பூசியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! அவன் முறையில், 'பழங்காலத்துப் பச்சை' என்று பீற்றிக்கொண்டு டேஷ்போர்டுக்கு வண்ணம் அடித்தது கார்த்திகேயன்தான். பங்காளிகள் எல்லோரும் அதைத் தடவித் தடவிப் பாராட்டினோம்.

"கண்ணைக் குருடாக்கிட்டு, குருடன்னு ஏலம் போடுறியாடா?" என்று கத்திக்கொண்டே திருப்புளியை வாங்கி உள்விளிம்பைச் சுரண்டினேன். பச்சைத் தூள் என் வேட்டியில் கொட்டியது.

"அண்ணே! அது இம்போர்ட்டட் பெயிண்ட்!"

இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தினவேல் மீட்டரை வைத்து முடுக்கினான். ஸ்விட்சைத் திருப்பினேன். பெட்ரோல், ஆயில், வேகம் எல்லாம் மஞ்சளாக விழித்துப் பார்த்தன.

கார்த்திகேயன் அசரவில்லை. "பெயிண்ட்ல கீறல் விழுந்திருச்சு பெரியப்பச்சி. அதுவும் குறைதான்."

பெரியப்பச்சி குனிந்து டேஷ்போர்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தார். "எங்கப்பா கீறல்?"

"மீட்டருக்குப் பின்னால."

"அதப் பாக்கணும்னா மீட்டரக் கழட்டணும். ஓடுற வண்டியக் கழட்டச் சொல்றது நீயி. அப்பக் குறை யாரு மேல?" என்று சாவிக்குக் கையை நீட்டினார்.

வண்டி தப்பியது, என்னை விட்டும் போனது. இனி ஒரு வருஷம் அவர் முறை. திருமயம் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று அவர் ஏறியதும், நான் வேட்டியை உதறிக்கொண்டு திரும்புவதற்குள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான் அந்தப் பட்டு வேட்டி. நான் பின்சீட்டில் ரத்தினவேலின் டூல் பையோடு நெருக்கிக்கொண்டேன்.

வண்டி தெருமுனை திரும்பியதும் அவன் மீட்டரை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கேண்ணே?"