மேற்படியார்

வேலையில் சேர்ந்த அன்றே ஆவுடையப்பனின் பெயரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கோயில் வாசலில் செருப்பை வாங்கி வைப்பார்களே, அப்படி. பதிலுக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் பெயர் திரும்பக் கிடைக்கும்.

பன்னாட்டுச் சட்ட நிறுவனம் என்றால் அப்படித்தான். பல நாட்டு வாய்கள். எந்த வாயிலும் ஆவுடையப்பன் முழுதாக நுழையவில்லை. வரவேற்பில் இருந்த பெண் 'ஆவு' வரை சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஆகவே, இனி இவர் 'மேற்படியார்' என அழைக்கப்படுவார் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். மேலே சொல்லப்பட்டவர் என்று அர்த்தம். மேலே எதுவும் சொல்லப்படவில்லை.

அவனுக்கு வருத்தமில்லை. பெருமையாகவே இருந்தது. கண்ணாடி முன் நின்று 'மேற்படியார்' என்பதை லண்டன் உச்சரிப்பில் சொல்லிப் பார்த்தான். சட்டக் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கிய ஆள். புத்தி அவ்வளவுதான்.

லிஃப்ட்டில் லண்டன், சிங்கப்பூர், கேன்டீன், துபாய் என்று பொத்தான்கள் இருந்தன. சிங்கப்பூரில் இறங்கினால் மழை பெய்யும். குடை கொண்டுபோகாதது அவன் தவறு.

உப்புக் கம்பெனி ஒன்று கடலை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. 'கடல்' என்ற சொல்லில் அலைகளும் அடங்குமா என்று பார்ப்பது அவன் வேலை. அடங்கும் என்று ஒரு வருடம் எழுதினான். பிறகு அவனை எதிர்த்தரப்புக்கு மாற்றினார்கள். எதிர்த்தரப்பு என்பது பக்கத்து மேஜை. அங்கே உட்கார்ந்து அடங்காது என்று எழுதினான். முன்பு தான் எழுதியதை எடுத்துப் படித்தபோது, இவனையெல்லாம் யார் வேலைக்கு எடுத்தார்கள் என்று தோன்றியது. கடல் அதுவரை மீட்டிங் அறையில் காத்திருந்தது. தரைவிரிப்பு நனைந்துபோனதற்கும் அவனைத்தான் கேட்டார்கள்.

அவனைப் பழக்கியவர் ஹாரியட் அம்மையார், நிறுவனத்தின் பங்குதாரர். லண்டன்காரர். வாயைத் திறந்தால் பாளையங்கோட்டைத் தமிழ். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பயிற்சி முடிந்தது. திங்கட்கிழமை அவன் வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பெயர் இருந்தால் போதும், சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த மட்டில் அவனுக்கு நிம்மதி.

டோக்கனை எடுத்துக்கொண்டு ஹாரியட் அம்மையாரின் அறைக்குப் போனான். நடக்க நடக்க நடைபாதை நீண்டது. வழக்கமாக நீள்வதைவிடக் கொஞ்சம் அதிகம். வெள்ளிக்கிழமை ஆயிற்றே.

"பேரு வாங்க வந்தேன் மேடம்."

"என்ன பேரு வே?"

"என் பேருதான்."

"அது தெரியுது. என்ன பேருன்னு கேக்கேன்."

சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. பெயர் அவர்களிடம் இருக்கும்போது அவன் வாயில் எப்படி வரும்? நியாயம்தான்.

அம்மையார் ஒப்பந்தத்தைப் பிரித்தார். "பேரத் திருப்பிக் குடுக்குத ஷரத்து. இத எழுதினது யாரு?"

அவன்தான். சேர்ந்த வாரத்தில், முதல் வேலையாக, தன் ஒப்பந்தத்துக்குத் தானே எழுதியது. மனப்பாடமாகத் தெரியும். 'மேற்படியாரைப் பெற்ற தாய் (ஒருவருக்கு மேற்பட்டோர் இருப்பின் அவர்களுள் எவரேனும் ஒருவர்), மேற்படியாரின் பெயரைத் தம் வாயால், உரக்க, ஐயத்துக்கு இடமின்றி உரைத்தல் வேண்டும்.' அடைப்புக்குறிக்குள் இருந்ததை நினைத்து அன்று அவனுக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"ஆபீஸ் மூடுததுக்குள்ள சொல்லணும். இல்லேன்னா பேரு கம்பெனிக்குச் சொந்தம். நீரு கடைசி வரைக்கும் மேற்படியாருதான்."

அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வக்கீல் ஆகாமல் போனால்கூடப் பரவாயில்லை. நாளைக்கு ஒருநாள் செத்துப்போனால் 'மேற்படியார் காலமானார்' என்றல்லவா போஸ்டர் அடிப்பார்கள். ஆனால் அம்மா இருக்கிறாளே. கல்லிடைக்குறிச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"ஏய்யா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. என் பேரக் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

"என்ன பேரு?"

"எனக்கு வச்ச பேரு."

"அது ஒங்க தாத்தா பேருல்லா?"

"ஆமா."

"மாமனாரு பேர நான் எப்படிய்யா சொல்ல?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அம்மா ஒருநாளும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐயா என்பாள், ராசா என்பாள், விருந்தாளிகள் இருந்தால் பெரியவன் என்பாள். அலைகளைப் பற்றி அலமாரி நிறைய எழுதியவனுக்கு இது இத்தனை காலம் கண்ணில் படவில்லை.

"தாத்தா போயே எத்தன வருசமாச்சும்மா."

"போயிட்டா மாமனாரு இல்லேன்னு ஆயிருமா?"

"நல்ல பாயிண்டு," என்று ஹாரியட் அம்மையார் குறித்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் இறங்கி வந்து கோட்டை மாட்டத் தொடங்கியது. ஒரு கை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

"அம்மா, எனக்காகம்மா." குரல் உடைந்தது. நீதிமன்றத்தில் முழங்குவதற்காக இரண்டு வருடம் சேமித்து வைத்திருந்த குரல்.

"அழாதய்யா. வேணும்னா ஜாடையாச் சொல்லுதேன். ஒத்த எழுத்துல பசுமாட்டுக்கு என்னமோ சொல்லுவாகள்லா? அது மொதல்ல. அத வச்சிருக்க தகப்பனாரு. பசுமாடு வச்சிருக்க தகப்பனாரு. இதுக்கு மேல கேக்காத, நாக்கு கூசுது."

ஹாரியட் அம்மையார் ஷரத்தின் மேல் விரலை ஓட்டினார். "தம் வாயால். சரி. உரக்க. சரி. ஐயத்துக்கு இடமின்றி." நிமிர்ந்தார். "பசுமாட்டுல என்னவே ஐயம்?"

முத்திரை குத்தினார். எங்கேயோ ஒரு மணி அடித்தது. லண்டனிலிருந்து லிஃப்ட் புறப்பட்டு வந்தது. கதவு திறந்தது. உள்ளே ஒரு பசுமாடு நின்றுகொண்டிருந்தது. கொம்பில் அவன் டோக்கனின் மறுபாதி கட்டியிருந்தது.

"ஒழுங்காச் சரிபாத்துக்கிடும். பொறவு வந்து கொம்பக் காணோம், வாலக் காணோம்னு நிக்கக் கூடாது."

சுற்றி வந்து பார்த்தான். எல்லாம் இருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். எந்தப் பெயரைப் போடுவது என்று யோசிப்பதற்குள் மாடு அந்த இடத்தை நக்கியது. அதையே ஏற்றுக்கொண்டார்கள். கடிகாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனது. அதன் பின்னாலேயே அம்மையாரும் போனார்.

கையில் கயிற்றோடு அவன் நின்றான். போன் இன்னும் வைக்கப்படவில்லை.

"ஏய்யா, பேரு கெடச்சிட்டா?"

"கெடச்சிட்டும்மா."

"நல்லாருக்கா?"

அதன் விலாவைப் பார்த்தான். "கொஞ்சம் மெலிஞ்சிருக்கு."

"அந்நியத்தாருல்லா? தீனி ஒழுங்காப் போட்டிருக்க மாட்டாக. பத்திரமாக் கூட்டிட்டு வா."

அவளிடம் இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. இத்தனை நாள் பேசாத பேச்சு எவ்வளவோ இருந்தது. சட்டப்படி எப்படித் தொடங்குவது என்று யோசித்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மாடு கழுத்தை நீட்டி, "அம்மா" என்றது.

"சொல்லு ராசா," என்றாள் அம்மா.