திருப்பிச் சொல்கிறவர்

"நீங்க போகப் போறதில்ல."

"போறேன்."

"உங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்த மனுஷன்ங்க அவரு..."

"அதை நான் மறந்துட்டேன்னு எப்ப..."

"என்னைப் பேசி முடிக்க விடுங்க. கால் ஒடிஞ்சு கிடந்த உங்களை ஆறு கிலோமீட்டர்..."

"ஏழு."

"ஏழோ எட்டோ! அவருக்கு எதிரா போய்க் கூண்டுல ஏறப் போறீங்களா? வக்கீல் என்ன சொன்னாரு? 'நீங்களும் உள்ள போக வேண்டி வரலாம், யோசிச்சுக்குங்க'ன்னாரா இல்லையா?"

"'நீங்களும் உள்ள போக வேண்டி வரலாம், யோசிச்சுக்குங்க'ன்னாரு" என்றார் இவர், ஒரு சொல் குறையாமல்.

இந்த மனிதரோடு சண்டை போடுவது அவ்வளவு கஷ்டம். ராணுவத்தில் வயர்லெஸ்காரராக இருந்தவர். மேலிருந்து வருகிற உத்தரவைக் காதில் வாங்கி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் "சரி" என்பார். அந்தச் "சரி" வந்தால்தான் அது உத்தரவு. வந்த பிறகுதான் கீழே அனுப்பலாம். முகாமில் இவருக்குக் கிளி என்று பெயர். வேலையை விட்டு இருபத்தைந்து வருடமாகியும் கிளி பறந்தபாடில்லை. "அரைக் கிலோ சர்க்கரை, ஒரு சோப்பு" என்றால், "அரைக் கிலோ சர்க்கரை, ஒரு சோப்பு" என்று சொல்லிவிட்டுப் பையோடு வாசற்படியில் நிற்பார். நான் "சரி" என்றால்தான் கால் நகரும். ஒருநாள் பால் பொங்கிய அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டேன். அரைமணி கழித்து எட்டிப் பார்த்தால் நிற்கிறார்.

"ஏங்க, இன்னும் போகலையா?"

"நீ சரின்னு சொல்லலையே."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கமாண்டரும் எங்கள் வீட்டில் ஓர் ஆள் மாதிரிதான். லாரி கவிழ்ந்த அன்று இவரைச் சுமந்து வந்தபோது இளம் அதிகாரி. பிறகு தோளில் நட்சத்திரம் கூடிக்கொண்டே போயிற்று. போர் முடிந்ததும் படைத் தலைவர், அப்புறம் வெளிநாட்டில் தூதர். பெரிய பாலம் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள். மகளின் பாடப்புத்தகத்தில் அவர் படம் வந்த வருடம், "எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டு வந்தவரு" என்று தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் காட்டிவிட்டு வந்தேன். இவர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. கால் ஒடிந்ததால்தான் அந்த மாதம் மாவுக்கட்டோடு ரேடியோ அறையிலேயே உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அங்கே எதைக் கேட்டார் என்பதுதான் தெரியாது. அதே மாதத்தில் ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் ஒளிந்திருந்த நூற்றுப் பதினொரு பேர் எரிந்துபோனதைப் பற்றி விசாரணை என்று பேப்பரில் வந்த அன்று, இவர் அந்தப் பேப்பரை மடித்து, மறுபடி மடித்து, தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்து வைத்தார்.

அப்படி ஓர் உத்தரவு தன் வாயிலிருந்து வரவே இல்லை, கீழே இருந்தவர்கள் தாங்களாகச் செய்தது என்றார் கமாண்டர். பதிவேடுகள் கிடைக்கவில்லை. மிச்சம் இவருடைய காது ஒன்றுதான்.

"இந்த லேஸைக் கட்டிவிடு" என்று காலை நீட்டினார். அந்தக் கால் மடங்காது. என் வாய் திட்டிக்கொண்டே இருந்தது, கை கட்டிவிட்டது. நானும் கூடப் போனேன்.

நீதிமன்றத்தில் கமாண்டரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்திருந்தார்கள். காதில் ஹெட்போன், முன்னால் மைக். எழுபது தாண்டிய முதுகு, சுவரில் அடித்த பலகை மாதிரி நிமிர்ந்திருந்தது. பார்த்ததும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். இவர் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் பார்த்தது முகத்தை அல்ல, காலை.

"கால் எப்படி இருக்கு, கிளி?"

நீதிபதி மேசையைத் தட்டினார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான், இவர் வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கமாண்டரின் வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார். "பெரியவரே, முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. காலையில என்ன சாப்பிட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நீங்க வார்த்தை மாறாம சொல்லிடுவீங்களா?"

சிலர் சிரித்தார்கள். இவர் கண்ணை மூடினார். இடது கை காதைப் பொத்திக்கொண்டது. வலது கட்டைவிரல் கூண்டின் மரச்சட்டத்தில், அங்கே இல்லாத ஒரு பொத்தானை அழுத்தியது. பிறகு வந்தது வீட்டில் நான் கேட்டே இராத குரல். ஏற்ற இறக்கம் இல்லாத, வயசே ஆகாத குரல்.

"ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம். கதவை வெளியே பூட்டு. தீ வை. யாரும் வெளியே வரக் கூடாது."

விரலை எடுத்தார். காத்திருந்தார்.

அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. கையில் கரண்டியோடு எத்தனையோ நாள் அதற்குள் நின்றிருக்கிறேன். யாராவது அதை நிரப்பியே ஆக வேண்டும். என் நாக்கே மேலண்ணத்தில் முட்டியது.

"சரி."

ஸ்பீக்கரிலிருந்து வந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து.

வக்கீலின் கையில் காகிதம் பாதியில் நின்றது. கமாண்டர் இரண்டு விரலால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. ஒரு சொல் முப்பத்தெட்டு வருடம் ஒரு வாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்து, கூப்பிட்டதும் எழுந்து வந்துவிட்டது. பட்டங்கள், பாலம், பாடப்புத்தகம் எதுவும் அதை மூடிவைக்கவில்லை. முன்வரிசையில் ஒரு முதியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தட்டச்சு செய்த பெண் தலையைத் தூக்கினாள். "ஐயா, இதையும் பதியணுமா?"

"பதியுங்க."

வக்கீல் கத்தினார், அது வெறும் பழக்கம், ஒப்புதல் ஆகாது என்று. ஆகுமா ஆகாதா என்பதைப் பதினைந்தாம் தேதி பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். இவரையும் அன்றைக்கு வக்கீலோடு வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். வாசற்படியில் குனிந்து லேஸை அவிழ்த்துவிட்டேன். "உள்ள வாங்க" என்றேன். இவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை; அசையவும் இல்லை. கடைக்குப் போகிற நாளில் நிற்பதுபோல, அதே இடத்தில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தத் தட்டையான குரலில் ஒன்று சொன்னார். நான் அவிழ்ந்த லேஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வராவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் முறை. மறுபடி சொன்னார், ஒரு சொல் மாறாமல்.

"சரி வந்துச்சு. கீழ அனுப்பினது நான்தான்."