நான்கு சீட்டுக்கால்கள்

1944 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, தென்காசியில் ஆதமின் பட்டறையில் நின்ற பழைய காரின் தரைக்குக் கீழிருந்து யாரோ மூன்று முறை தட்டினார்கள். ஆதம் படுத்து, வண்டிக்கு அடியில் பார்த்தார். எண்ணெய் படிந்த மண்தான் இருந்தது.

கார் கடையம் ஆறுமுகநயினாருடையது. ஒன்பது வருசத்துக்கு முன், சாரல் காலத்தில், அவர் குற்றாலத்தில் அருவி விழுந்து பொங்கும் பள்ளமான பொங்குமாகடலுக்குள் விழுந்தார். உடல் மேலே வரவில்லை. அதே வாரம் காரின் பின்சீட்டுக்குக் கீழே தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குள் ஆழத்தில் தண்ணீர் தெரிந்தது. அவர் தம்பி நம்பிராஜன் வண்டியைக் கொண்டுவந்து மூடச் சொன்னான். ஆதம் ஓட்டையின்மேல் இரும்புத் தகட்டைப் போட்டு, சீட்டின் நான்கு கால்களையும் தகட்டோடும் தரையோடும் சேர்த்து வெல்டு வைத்தார். நான்காவது காலை வைக்கும்போது அடியில் தட்டும் சத்தம் கேட்டது. சூட்டில் தகடு நெளிகிறது என்று சொல்லிக்கொண்டு வேலையை முடித்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

உடல் கிடைக்காததால் மனைவி பார்வதியம்மாள் தாலியைக் கழற்றவில்லை. "மாப்பிள்ளை தண்ணிக்குள்ள குடித்தனம் நடத்துதாரோ?" என்று சொந்தக்காரிகள் சிரித்தார்கள். ஆடி அமாவாசைக்குள் தாலியை இறக்கிவிட வேண்டும் என்று நம்பிராஜன் கெடு வைத்தான். மறுநாளே, இந்தச் செவ்வாய்க்கிழமை, டிரைவர் செல்லப்பாவைக் காரை ஓட்டச் சொல்லி அவள் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

"நாலு காலையும் எடுத்துருங்க அண்ணாச்சி. உக்காந்தா உள்ளங்கால்ல தட்டுது. கொழுந்தன் என்ஜின் கோளாறுங்கான்."

"என்ஜினாத்தான் இருக்கும், தாயி."

"அப்பம் உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

ஆதம் உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். முதல் கால் விட்டதும் இடுக்கு வழியாகச் சாரல் முகத்தில் அடித்தது. இரண்டாவதில் அருவியின் இரைச்சல் கேட்டது. மூன்றாவதில் தட்டல் நின்றது. கீழே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது.

"நாலாவது இருக்கட்டும் தாயி. அந்தக் காலை அப்படியே விட்டுட்டு சீட்டை மட்டும் அறுத்து எடுத்துருதேன்."

"அப்பம் இந்தத் தாலியையும் நீங்களே அறுத்துருங்க."

ஆதம் அடித்தார். தகடு தானாகத் தூக்கிக்கொண்டது. ஊறி வெளுத்த கை ஒன்று வெளியே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. ஆதம் கண்ணை மூடிக் கலிமா சொன்னார். கை அவரை உள்ளே இழுக்கவில்லை, பிடித்து ஏறியது. ஆறுமுகநயினார் விழுந்த அன்றிருந்த அதே வயதில், சொட்டச் சொட்டக் காருக்குள் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, உனக்கு நரைச்சிட்டே?"

"ஒம்பது வருசம் ஆச்சுல்லா" என்று அவள் முந்தானையால் தலையைத் துவட்டினாள்.

அவர் ஆதம் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே தட்டுனேனே அண்ணாச்சி?"

"கேட்டுச்சு" என்றார் ஆதம்.

 ஓட்டையை மூடும்படி யாரும் சொல்லவில்லை. சீட்டைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாகத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து கணவனும் மனைவியும் கடையம் போனார்கள். செல்லப்பா பள்ளம் மேடு பார்த்து, மெதுவாகவே ஓட்டினான்.