பேரி மரத்தின் சார்பாக

1

இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை, தொலைபேசியில் உதித்தது. எங்கள் ஓய்வூதியர் சங்க இதழின் ஆசிரியை பேசினார். "பல துறைகள்ல அகக்காரணி, புறக்காரணின்னு ஒரு கட்டுரை வேணும். இருபத்துமூணாம் தேதி அச்சுக்குப் போகுது. இந்தத் தடவையாவது அளந்து விடாம எழுதுங்க. இல்லேன்னா உங்க பக்கத்தையே வெட்டிடுவேன்."

வெட்டுவேன் என்று மிரட்டினால் காய்க்கிற ரகம் நான். உட்கார்ந்தேன்.

"ஒன்றின் இயல்பிலேயே அமைந்தது அகக்காரணி. வெளியிலிருந்து அதன்மேல் வந்து விழுவது புறக்காரணி. மண்ணியலில் இவை"

இந்த இடத்தில் கொட்டாவி வந்தது. அது எனக்குள்ளிருந்து வந்ததா, வாக்கியத்திலிருந்து வந்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே முற்றத்தில் கோடரி தீட்டும் சத்தம் கேட்டது. கட்டுரையை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன்.

2

கோடரி தீட்டியவர் ஸ்பாஸ், எங்கள் கட்டடத்தின் நிர்வாகி. பணியில் இருந்தபோது கிரேன் ஓட்டினார். அவர் தும்மினால் எட்டாவது மாடியில் சூப் சிந்தும்.

(இந்தக் கைப்பிரதியை ரதோஸ்வெதாவிடம் கொடுத்திருந்தேன். ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "நான் தரைத்தளத்தில் இருக்கிறேன். என் வீட்டில் சிந்தியதில்லை.")

ரதோஸ்வெதா ஓய்வுபெற்ற ரத்தநோய் மருத்துவர், இந்தக் கதையின் நாயகி. நாற்பது வருடத்தில் ஒரு நோயாளியிடமும் "நிச்சயம் குணமாகிவிடும்" என்று சொல்லாதவர். "வாய்ப்பு இருக்கு" என்பார். அதைக் கேட்டே பாதிப் பேர் எழுந்து நடந்தார்கள்.

("பாதி இல்லை.")

இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர் கட்டட முற்றத்தைத் தாண்டுவதில்லை. அவருடைய ஜன்னலில் தெரிவது ஒரே ஒரு பேரி மரம். பன்னிரண்டு வருடமாக அது காய்க்கவில்லை. அதை வெட்டிவிட்டுத் தன் காரை நிறுத்த வேண்டும் என்பது ஸ்பாஸின் ஆசை. மகன் புதிதாக வாங்கிக் கொடுத்த கார், கராஜுக்குள் நுழையவில்லை.

கட்டடக் கூட்டத்தில் ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதியாக நின்றன. மண்ணியல் ஆய்வாளராக இருந்த க்ரூம் எழுந்து, "மரத்துமேல தப்பில்லய்யா. அடியில பூரா கட்டட இடிபாடு, சுண்ணாம்பு. வேர் எங்க போய் மூச்சு விடும்?" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாமே புறக்காரணி. தன் மணமுறிவுக்கே மண்ணின் ஈரத்தைக் காரணம் சொன்னவர்.

"உள்ளுக்குள்ளயும் இருக்கலாம்," என்றார் ரதோஸ்வெதா. "வயித்துல ஒரு பொருள் சுரக்கணும். அது சுரக்கலேன்னா தட்டு தட்டா ஈரல் தின்னாலும் ரத்தம் ஊறாது. சாப்பாட்டையே குத்தம் சொல்லிட்டிருந்தா ஆள் போயிடுவான்."

"மரத்துக்கு ஏது டாக்டரம்மா வயிறு?"

"உங்களுக்கு மட்டும் மூளை இருக்குன்னு நாங்க நம்பலையா, க்ரூம்?"

ஸ்பாஸ் மேசையைத் தட்டினார். "எதுக்கு இவ்வளவு பேச்சு? இருபதாம் தேதி இக்னாட் திருநாள் வருதுல்ல, வழக்கப்படி மரத்துகிட்டயே கேட்டுடுவோம். ஆனா ஒண்ணு, மரத்துக்காக டாக்டரம்மா நின்னு பேசணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அதில் இருந்த தந்திரம் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது.

3

வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காய்க்காத மரத்தின் முன் ஒருவர் கோடரியோடு நின்று "வெட்டட்டுமா?" என்பார். மரத்துக்குப் பின்னால் நிற்பவர் மரமாகவே, "வெட்டாதே, வர்ற வருஷம் காய்ப்பேன்" என்பார். மூன்று தடவை. பிறகு எல்லோரும் ராக்கியா சாராயம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த நாட்டில் எந்த மரமும் இதுவரை பதில் தவறியதில்லை.

இருபதாம் தேதி காலை. ரதோஸ்வெதா கைத்தடியோடு வந்து மரத்தின் பின்னால் நின்றார். முற்றத்தில் ஐந்நூறு பேர்.

("இருபத்திரண்டு.")

ஸ்பாஸ் கோடரியை ஓங்கினார். "வெட்டட்டுமா?"

ரதோஸ்வெதா வாயைத் திறந்தார். ஒரே ஒரு சொல்தான், குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் நாற்பது வருடமாக யாருக்கும் வாக்குக் கொடுக்காத வாய் அது. பட்டையில் கை வைத்துக்கொண்டு குனிந்தவர், மரம் நிற்கிற இடத்திலிருந்து மரம் பார்க்கிறதையே பார்த்தார். நேர் எதிரே ஸ்பாஸின் கராஜ். அதன் சுவரோரம் தரைமட்டமாக அறுத்த ஓர் அடிக்கட்டை.

"ஸ்பாஸ், அங்க ஒரு மரம் இருந்துச்சே, அதுவும் பேரிதானே?"

"ஆமா. கராஜ் கட்டறப்போ எடுத்தோம்."

"எப்ப?"

ஸ்பாஸ் விரல் விட்டு எண்ணினார். பத்து விரலும் தீர்ந்து, இன்னும் இரண்டு விரல் கிடைக்காமல் நிறுத்தினார்.

"பேரி தன் மகரந்தத்தாலயே தான் காய் பிடிக்காது. அது உள்ள இருக்கிற குறை," என்றார் ரதோஸ்வெதா நிதானமாக. "பக்கத்துல இன்னொரு ரகம் இருந்தா அந்தக் குறை தெரியாது. அதைத்தான் நீங்க எடுத்தீங்க."

"ரெண்டும் சேந்ததா?" என்று க்ரூம் முனகினார். தன் சுண்ணாம்பு தோற்றதில் அவருக்கு வருத்தம்.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் ஸ்பாஸ். "ரெண்டாம் தடவை கேக்கறேன். வெட்டட்டுமா?"

"பக்கத்துல ஒரு கன்னு வெச்சா, அது பூக்க ஆரம்பிச்சதும், நாலஞ்சு வருஷத்துல, காய்க்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு."

ஸ்பாஸ் கோடரியோடு ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஏம்மா, மரம் வாய்ப்புன்னா பேசும்? காய்ப்பேன், மாட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா!"

"தெரியாததை எப்படிச் சொல்றது?"

ஸ்பாஸ் கோடரியைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் இருந்தது வெற்றியா, சங்கடமா? (இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொருந்துகிறது.) "மூணாவதை இருபத்துநாலாம் தேதி மத்தியானம் கேக்கறேன். யோசிச்சு வெய்யுங்க."

4

இன்று இருபத்திரண்டு. எனக்கு ஒரு முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: ரதோஸ்வெதா கண்ணை மூடிக்கொண்டு "காய்ப்பேன்" என்கிறார். கோடரி தானாகவே கீழே விழுந்து

(ஓரத்தில்: "சொல்ல மாட்டேன்.")

முடிவு இரண்டு: ஸ்பாஸ் மனம் மாறி, காரையே விற்று

(இதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. சிரித்தபோது பேனா பட்டிருக்க வேண்டும்.)

முடிவு மூன்று: வெட்டிவிடுகிறார்கள். ஜன்னலில் ஒரு வெள்ளை

இதை நான் எழுத மாட்டேன். இதழின் பக்கத்தை வெட்டினாலும் எழுத மாட்டேன்.

நேற்று அவரிடமே கேட்டேன். "ஒரே ஒரு பொய். மரத்துக்காக. நான் தினம் எட்டுப் பொய் சொல்றேன், ஆரோக்கியமாத்தானே இருக்கேன்?"

"நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அதனால கெடுதல் இல்ல," என்றார். தேநீரை என் பக்கம் தள்ளினார். "நான் சொன்னா நம்பிடுவாங்க."

பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் மிகைப்படுத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

5

இன்று காலை க்ரூம் கதவைத் தட்டினார், கையில் ஈரச் சாக்கு சுற்றிய ஒரு கன்று. வேறு ரகப் பேரி. "குழிய நான் தோண்டறேன். சுண்ணாம்பையும் மாத்திடுவேன்," என்றார். "டாக்டரம்மாகிட்ட சொல்லாத. அவங்க சொன்னதுக்காகன்னு நெனச்சுக்குவாங்க." நான் சொல்லவில்லை, எழுதித்தான் இருக்கிறேன்.

அப்போதுதான் கட்டடக் கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். குறிப்பு எழுதுபவன் நான்தான், அதில் மட்டும் நான் ஒரு சொல்கூட மிகைப்படுத்துவதில்லை. அதில் இப்படி இருக்கிறது: "மரத்தின் பின்னால் ரதோஸ்வெதா நிற்க வேண்டும்." அவர் மட்டும் நிற்க வேண்டும் என்று இல்லை. மரத்துக்கு ஒரே குரல்தான் என்றும் இல்லை.

இதழாசிரியை அவர்களே, கட்டுரையில் எல்லாத் துறையும் வந்துவிட்டதா என்று தெரியவில்லை, முடிவு மட்டும் வரவில்லை. அது என் கையில் இல்லை. இதழ் இருபத்துநாலாம் தேதி காலை தபால்பெட்டிகளுக்கு வந்துவிடும். மூன்றாவது கேள்வி மதியம் பன்னிரண்டுக்கு. இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறீர்கள். தெரியாததைச் சொல்ல அவரால் முடியாது. ஆனால் ஒரு மண்வெட்டியோ ஒரு வாளித் தண்ணீரோ எடுத்துக்கொண்டு வருகிறவர் "காய்ப்பேன்" என்று சொன்னால், அது எந்தக் கணக்கில் பொய்?

வாருங்கள். அந்த மரத்துக்குப் பின்னால் நூறு பேர் நிற்கலாம்.

("ஆறு பேர். நெருக்கி நின்றால் ஏழு.")