ஹயாசே சொன்னது

அழுதுவிடக் கூடாது. இப்போது அழுதால் அந்தக் கண்ணீரும் அவனுக்குக் கைதட்டலாகிவிடும்.

தமாகி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள். நகோயாவின் பெரிய அரங்கு முழுக்க எழுந்து நின்றது. மேடையில் ஷிஹோ இசைக்குழு. பேர் பெற்ற நான்கு ராக் குழுக்களிலிருந்து குழுவுக்கொருவராகப் பிரிந்துவந்து ஆரம்பித்த குழு. டிக்கெட் குலுக்கலில் பேர் வராதவர்கள் வந்தவர்களோடு பேச்சை நிறுத்திவிடும் அளவுக்கு மவுசு. கிடார்க்காரன் ஹாய்ஸாகி மைக்கின் முன்னால் வந்து நின்று தலையைக் குனிந்துகொண்டான். மினாசோகோ என்ற பழைய குழுவில் ஹயாசே பாட, அவன் பக்கத்தில் நின்று வாசித்தவன் இவன். ஹயாசே இறந்தபிறகு அந்தக் குழு இல்லை.

"அடுத்த பாட்டு ஹயாசேயோடது," என்றான். "கடைசியா ஆஸ்பத்திரியில பாத்தப்ப சொன்னான். நல்ல குரல் கிடைச்சா இதப் பாட வை, பாட்டு தூங்கிடக் கூடாதுன்னு. இன்னிக்கு அந்தக் குரல் கிடைச்சிருக்கு."

அரங்கே மூச்சை உள்ளிழுத்தது. பிறகு எல்லாப் பக்கமும் விசும்பல். புதிய பாடகன் ஆகிட்ஸு, 'வடக்கு ஜன்ன'லைப் பாட ஆரம்பித்தான்.

அவன் மோசமாகப் பாடியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாகப் பாடினான். ஹயாசேக்கு எட்டாத இடங்களில் எல்லாம் அலட்டாமல் ஏறி இறங்கினான். இரண்டாம் சரணத்தில், மினாசோகோ ரசிகர்களின் வழக்கப்படி, விரித்த உள்ளங்கைகள் மெல்ல உயர்ந்து மெல்ல மூடின. தன்னுடைய கையும் அவற்றோடு உயர்ந்திருப்பதைத் தமாகி பார்த்தாள். யாரோ தன் பையில் கைவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. கையைக் கீழே இறக்கி, மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ரயிலடிக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் தமாகியும் தோழிகள் இருவரும் உட்கார்ந்தார்கள். தடித்த ரொட்டியின் மேல் சிவப்புப் பயறு விழுதைத் தடவிக்கொண்டே மிசுஹோ சொன்னாள்:

"நேத்து எல்லாரும் அழுதோம். தமாகி சான் மட்டும் பல் டாக்டர் நாற்காலில உக்காந்த மாதிரி இருந்தாங்க."

"நீ அழுதது ஆகிட்ஸுவோட சட்டை பட்டன் அவுந்ததுக்கு," என்றாள் கயோகோ.

"அதுக்கும்தான். அழுகைல பிரிவு பாக்கறீங்களே."

மிசுஹோ இந்தக் கூட்டத்துக்குப் புதியவள், ஆகிட்ஸுவின் ரசிகை. ஹயாசேயை அவள் நேரில் பார்த்ததில்லை. கயோகோவும் தமாகியும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மினாசோகோவின் பின்னால் ஊர் ஊராக அலைந்தவர்கள். ஒருவர் மாமியாரிடம் சொல்லும் பொய்க்கு மற்றவர் சாட்சி.

கச்சேரியில் யாரும் போனை வெளியே எடுக்க முடியாது. பாட்டாவது பிறகு இசைத்தட்டில் வரும். பாட்டுக்கு நடுவே மேடையில் பேசிய பேச்சு எங்கேயும் வராது. அது ரசிகர்கள் எழுதி வைத்தால்தான் உண்டு. அதனால் மறுநாள் காலையில் உட்கார்ந்து அவரவர் ஞாபகத்தை ஒட்டிப் பார்ப்பார்கள். முதலில் சிரித்தானா, முதலில் தண்ணீர் குடித்தானா, 'கிடைச்சிருக்கு' என்றானா, 'வந்திருக்கு' என்றானா. ஒத்துப்போனது கயோகோ நடத்தும் பக்கத்தில் ஏறும். ஏறியபின் அதுதான் நடந்தது. ஒத்துப்போகாத இடத்தில் தமாகியின் காதுதான் முடிவு. அவள் எழுதியதை நேற்றுவரை யாரும் மறுத்ததில்லை.

"'கிடைச்சிருக்கு'தான்," என்றாள் தமாகி.

கயோகோ எழுதிக்கொள்ளவில்லை. முட்டை ஓட்டை உரித்து, உரித்த முட்டையைத் தின்னாமல் தட்டில் வைத்தாள்.

"தமா சான், நீங்க எழுதின கனசாவா பதிவ யாரோ தோண்டி எடுத்துட்டாங்க. ராத்திரிலேர்ந்து அதுதான் ஓடுது."

தமாகிக்குத் தெரியும். விடியற்காலையில் அவளும் பார்த்தாள். கனசாவாவில், நாற்காலி இல்லாத ஒரு நிலவறைக் கூடத்தில்தான் ஹயாசே கடைசியாகப் பாடினான். இந்தப் பாட்டுக்கு முன்னால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இத வேற யாரும் பாட வேணாம். நான் போனா கூடவே வரட்டும்," என்றான். சிரித்துக்கொண்டே சொன்னதால் எல்லோரும் சிரித்தார்கள். திரும்பும் ரயிலிலேயே தமாகி அதைக் கயோகோவின் பக்கத்துக்கு எழுதினாள். வேறு யாரும் அதை எழுதவில்லை.

"ஹாய்ஸாகி பொய் சொல்றான்னு ஒரு கூட்டம், நீங்க கட்டி விட்டீங்கன்னு ஒரு கூட்டம்," என்றாள் மிசுஹோ. "ஆகிட்ஸு பாவம். அவர என்னமோ பிணத்துமேல இருந்த மோதிரத்தக் கழட்டின மாதிரி பேசறாங்க."

"ஆகிட்ஸு மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் பாடினார்."

"அப்ப அதச் சொல்லலாமில்ல?"

கயோகோ குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காலைல அவங்க ஆபீஸ்லேர்ந்து எனக்குச் செய்தி வந்துச்சு. கனசாவா பதிவக் கொஞ்சம் திருத்த முடியுமான்னு மரியாதையாத்தான் கேட்டாங்க. டோக்கியோல கடைசிக் கச்சேரி அன்னிக்கு நம்ம ரெண்டு பேரையும் கூப்பிடறாங்க. மேடைக்குப் பின்னால. ஹாய்ஸாகியே பாக்கணும்னாராம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கறீங்களே. இத்தன வருஷத்துல நம்மளப் பாக்கணும்னு யார் சொல்லியிருக்கா? எங்க வீட்டுக்காரரே சொன்னதில்ல."

மிசுஹோ சிரித்தாள். கயோகோ சிரிக்கவில்லை. அவள் காதோரம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பைத் தமாகிக்குப் பல ஊர்களில், பல மேடைகளின் முன்னால் தெரியும். அதைப் பார்த்துக் கோபம் வரவில்லை. கோபம் வராததுதான் கசந்தது.

"நீங்க என் பக்கத்துலதான் நின்னீங்க, கயோகோ சான்."

"நின்னேன். ஆனா எனக்கு அப்படி ஞாபகம் இல்ல."

தமாகி அவள் முகத்தையே பார்த்தாள். கனசாவா ரயிலில் இந்த முகம் அவள் தோளில்தான் கிடந்தது. 'கூடவே வரட்டும்னானே, கூடவே வரட்டும்னானே' என்று தூக்கத்திலும் சொன்ன வாய் இது. மறப்பதும் ஒரு பிழைப்புதான் போலிருக்கிறது. கயோகோ பொய் சொல்கிறாளா, இல்லை, வேண்டாததை உண்மையிலேயே கழுவிவிட்டாளா? இரண்டாவது என்றால் இன்னும் மோசம்.

உடனே தன்னையும் கேட்டுக்கொண்டாள். இத்தனை நாள் அந்த வாக்கியம் தன்னிடம் மட்டும் இருந்ததில் ஒரு சுகம் இல்லையா? செத்தவனின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற விதவைபோல? இருந்தது. இருந்ததால் அது பொய்யாகிவிடுமா?

"ஆஸ்பத்திரில அவன் மனசு மாறியிருக்கலாம்," என்றாள் கயோகோ.

"மாறியிருக்கலாம். எனக்குத் தெரியாது."

"பின்ன என்ன? பாட்டு திரும்ப உயிரோட வந்திருக்கு. நேத்து உங்க கை மேல போனத நான் பாத்தேன்."

அந்தக் கையைத்தான் தமாகி இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். மனம் ஒன்று சொல்ல உடம்பு வேறெதற்கோ ஏங்கி நிற்பது அவளுக்குப் புதிதில்லை. அதை இன்னொருத்தி சாட்சியாக எடுத்து நீட்டுவதுதான் புதிது.

கயோகோ போனை மேசையில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள். நேற்றைய கச்சேரியின் பதிவு தயாராக இருந்தது. அரங்கு அழுதது, ஆகிட்ஸுவின் குரல், ஹாய்ஸாகி குனிந்த தலை எல்லாம் அழகாக எழுதியிருந்தாள். அதன் அடியில் ஒரு வரி: 'கனசாவாவில் நான் கேட்டது என் காதின் பிழையாக இருக்கலாம். தமாகி.'

"இருக்கலாம்னுதானே போட்டிருக்கேன்," என்றாள் கயோகோ. "இல்லன்னு போடல. எல்லாருக்கும் மரியாதையா இருக்கும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஏத்திடறேன்."

"ஒரு வரிதானே, தமாகி சான்," என்றாள் மிசுஹோ. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

தமாகி அந்தப் பதிவை முழுதாக ஒருமுறை படித்தாள். ஒரு வார்த்தையும் தப்பில்லை. பேச்சு, இடைவெளி, தண்ணீர் குடித்தது, எல்லாம் நடந்தபடிதான் இருந்தது. அந்தக் கடைசி வரியும் மற்றவற்றோடு சேர்ந்து நடந்ததுபோலவே நின்றது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள். "ஹாய்ஸாகி சொன்னது எழுத்து பிசகாம இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

"அப்ப ஏத்தட்டுமா?"

"கடைசி வரி வேணாம்."

"தமா சான், நான் தனியாப் போனா என்னை உள்ள விட மாட்டாங்க."

"தெரியும்."

"பழைய பதிவ நான் எடுத்துடுவேன். பக்கம் என்னோடது."

"எடுத்துடுங்க."

கயோகோவின் கண்கள் நிறைந்தன. நேற்று அரங்கில் நிறைந்ததைவிட அதிகமாக. தமாகி பக்கத்திலிருந்த காகிதக் கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். பிறகு போனைத் திருப்பி, எழுத்து கயோகோவுக்கு நேராகத் தெரியும்படி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் காது அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு, கயோகோ சான்," என்றாள். "அந்த வரில என் பேர் மட்டும் போடாதீங்க."